காற்றும் கடமையும்

கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சிற்றூர் கோப்பெங். ஈயம் விளைந்த காலத்தில், மலையிலிருந்து பெருங்குழாய்களில் நீரை இறக்கி, அந்நீரின் அழுத்தத்தால் மண்மேடுகளைக் கரைத்துச் செல்வம் திரட்டிய ஊர் அது. ஈயம் ஓய்ந்தது, சுற்றுப்புறத் தோட்டங்களில் பால்மரங்கள் குறைந்து செம்பனை மிகுந்தது. ஆயினும் ஊரை ஊடறுத்துச் செல்லும் பழைய பெருஞ்சாலையும், அருகே விரையும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் ஓய்வதில்லை. இரவும் பகலும் லோரிகளும் பேருந்துகளும் அவற்றில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மேலைநாடுகளில் பெருகிய, சமையலறையும் படுக்கையும் குளியலறையும் அமைந்த பெரிய வீட்டு வண்டிகளும் மலேசியச் சாலைகளில் இடையிடையே தென்படத் தொடங்கியுள்ளன.

பத்து டன்னோ இருபது டன்னோ எடையுள்ள இந்த வண்டிகளைத் தாங்குவது எது? இரும்பு என்பார் ஒருவர். ரப்பர் என்பார் மற்றொருவர். இரண்டும் முழு விடைகள் அல்ல. தாங்குவது காற்று. டயர் என்பது அக்காற்றை அடைத்து வைத்திருக்கும் பை மட்டுமே. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின்மேல் நாற்பது உயிர்கள் அமர்ந்து செல்கின்றன. அக்காற்று உரிய அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அச்சில நிமிடங்களை ஒருவன் செலவிடாது போனால், அன்று ஒன்றும் நிகழவில்லையாயின், அவன் பிழை செய்தவன் ஆவானா? எளிய வினாப் போலத் தோன்றும் இது, அறவியலின் ஆழமான வினாக்களுள் ஒன்றாகும்.

பால்மரமும் காற்றுப்பையும்

ரப்பர்ப் பாலைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். காற்றடைத்த சக்கரத்துக்கான உரிமையை இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் பெற்றார். காலம் அதற்குக் கனியவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்குவதைக் கண்டு, அதன் சக்கரங்களுக்குக் காற்றுக் குழாய் பொருத்தினார். உலகின் வண்டிகள் காற்றின்மேல் ஏறியது அதன் பின்னரே. ஒரு தந்தையின் பரிவில் தோன்றிய பொருள் டயர் என்பது மறக்கத்தக்கதன்று.

அதற்கு முன்பே, 1877இல், இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் பேராக் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வெட்டிய பால் உலகத்தின் டயர்களாயிற்று.

பால்வெட்டுத் தொழிலில் ஒரு நுண்மை உண்டு. கத்தி ஆழமாக இறங்காவிடில் பால் வாராது. அளவுக்கு மீறி இறங்கினால் பட்டையின் உட்புறத்தே உள்ள உயிர்ப்படலம் புண்படும். அப்புண்ணின் தீமை அன்றைக்குத் தெரியாது. அன்றைக்குப் பால் நன்றாகவே வடியும். ஆண்டுகள் பல கழிந்து, மறுபட்டை வளர்ந்து, அவ்விடத்தில் மீண்டும் வெட்ட வரும்போதுதான் பட்டை முடிச்சும் புடைப்புமாக இருப்பது தெரியவரும். வெட்டியவன் அப்போது எங்கோ இருப்பான். பயனிழப்பவன் வேறொருவனாக இருப்பான். ஆகவேதான் தேர்ந்த தொழிலாளி, மேற்பார்ப்பவர் வந்தாலும் வாராவிட்டாலும் கத்தியின் ஆழத்தை அளந்தே வெட்டினான். கண்காணாத இடத்திலும் அளவு தவறாமை என்னும் அறம், கோப்பெங் வட்டாரத்துக்குப் புதிதன்று. அது அம்மண்ணில் நாள்தோறும் கையால் செய்யப்பட்ட அறமாகும்.

அழுத்தம் என்னும் அளவு

காற்றழுத்தம் குறைந்தால் விளைவது யாது? பெரிய வண்டியின் ஒரு டயர், சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு அழுத்தத்தில் 2,500 கிலோகிராம் எடையைத் தாங்குவதாகக் கொள்வோமாயின், அது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 320 சதுர சென்டிமீட்டர் ஆகும். அஃதாவது மாணவனின் பயிற்சி ஏட்டில் ஒரு பக்கத்தின் அளவு. அவ்வளவு சிறு பரப்பின்மேல்தான் அத்துணைப் பெரும் எடை நிற்கிறது.

காற்றுக் குறையுமானால் அப்பரப்பு விரிகிறது. டயரின் பக்கச்சுவர் தளர்ந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இருபுறமும் மாறி மாறி வளைத்தால் வளைந்த இடம் சூடேறுவதை அறிவியல் வகுப்பில் மாணவர் கையாலேயே உணர்வர். டயரின் சுவரில் நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே. கிலோமீட்டர்தோறும் நூற்றுக்கணக்கான முறை மடியும் அச்சுவருக்குள் வெப்பம் பெருகுகிறது. வெப்பத்தால் ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் வலுவிழக்கின்றன. அடுக்கோடு அடுக்கு ஒட்டியிருக்கும் பிணைப்புத் தளர்கிறது. ஒருநாள் மேற்பட்டை உரிகிறது அல்லது டயர் வெடிக்கிறது. மிகைக் காற்றும் நன்றன்று. அது தரையைத் தொடும் பரப்பைச் சுருக்கிப் பிடிப்பைக் குறைக்கும். நடுப்பட்டையை விரைவில் தேய்க்கும். குழியில் விழுந்தால் அடியின் வேகத்தைத் தணிக்காது.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சரியான அளவு எது என்பதைச் சுமைதான் தீர்மானிக்கிறது. இவ்விடத்தில் பெரிய வீட்டு வண்டி ஒரு நல்ல பாடமாகிறது. அதன் ஒருபக்கத்தில் குளிர்பதனப் பெட்டியும் அடுப்பும் இருக்கும். மறுபக்கத்தில் நீர்த்தொட்டி இருக்கும். நானூறு லிட்டர் நீர் என்றால் நானூறு கிலோகிராம் எடை. வெளியே சமமாகத் தோன்றும் வண்டி உள்ளே சமமற்றிருக்கும். ஆகவே நன்கறிந்தோர் பயணச் சுமையெல்லாம் ஏற்றிய பின், ஒவ்வொரு சக்கரத்தின் முனையிலும் எடையைத் தனித்தனியே நிறுப்பர். ஓர் அச்சில் எந்த முனை அதிகச் சுமை தாங்குகிறதோ, அதற்குரிய அழுத்தத்தையே டயர் செய்தோர் தந்த அட்டவணையில் கண்டு, அவ்வச்சின் எல்லா டயர்களுக்கும் சமமாக அடைப்பர். மிகுந்த சுமை தாங்குவோனின் தேவையே அனைவருக்கும் அளவுகோல் ஆகிறது. இவ்விதி இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு குடும்பத்துக்கும் ஒரு வகுப்பறைக்கும் பொருந்துவது.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகைப் போன்ற மெல்லிய பொருளாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்து அமைந்துள்ளது. சுமையின் மென்மையில் மயங்கி அளவை மறத்தல் கூடாது என்பது அதன் உட்பொருள். வீட்டு வண்டியில் ஏற்றப்படும் போர்வையும் பாத்திரமும் புத்தகமும் தனித்தனியே இலேசானவைதாம். கூடினால் அவை டயரின் எல்லையைத் தொட்டுவிடும்.

அளக்கும் நேரத்துக்கும் ஒரு முறை உண்டு. வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளக்கவேண்டும். ஓடிய டயரில் வெப்பத்தால் அழுத்தம் உயர்ந்திருக்கும். அதை மிகை என்று எண்ணிக் காற்றைத் திறந்துவிடுவோர், குளிர்ந்தபின் குறைவோடு நிற்பர். மனிதன் தன்னைத்தானே ஆராயவேண்டிய நேரமும் இத்தகையதே. சினமும் விரைவும் சூடேற்றிய பிறகு எடுக்கும் அளவு பொய்யளவு. பயணத்துக்கு முந்தைய அமைதியில் எடுப்பதே மெய்யளவு.

மறைந்திருக்கும் டயர்

பேருந்து, லோரி, பெரிய வீட்டு வண்டி ஆகியவற்றின் பின்னச்சில் பெரும்பாலும் இரட்டை டயர்கள் இருக்கும். வெளிப்புற டயர் கண்ணுக்குத் தெரியும்; உட்புற டயர் மறைந்திருக்கும். உட்புறத்தே உள்ளது காற்றிழந்தாலும் வண்டி சாயாது. வெளிப்புறத்தே உள்ளது அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கும். பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். ஆனால் இருவர் சுமையை ஒருவன் சுமப்பதால், அவ்வொருவனும் வெப்பம் மிகுந்து வீழ்வான். உரிய அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்கும் கீழே ஓடிய இரட்டை டயரைக் காற்றே இல்லாமல் ஓடியதாகக் கருதிக் கழற்றிச் சோதிக்கவேண்டும் என்பது டயர்த் துறையினர் வகுத்த முறை. சுத்தியலாலோ தடியாலோ தட்டிப் பார்க்கும் பழக்கம், முற்றும் காற்றிழந்த டயரை ஒருகால் காட்டும். கால்பங்கு குறைந்த டயரைக் காட்டாது. அதற்கு அழுத்தமானி வேண்டும், முழங்காலை மடக்கிக் குனியவேண்டும், கை அழுக்காகவேண்டும்.

கோப்பெங்கில் விடியற்காலையில் பள்ளிப் பேருந்தை எடுக்கும் ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தோட்டங்கள் குறைந்து, குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குச் சிதறியபின், தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர் பேருந்தையும் வேனையும் நம்பியே வருகின்றனர். ஏறும் பிள்ளை டயரைப் பார்ப்பதில்லை. வழியனுப்பும் தாயும் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது ஓட்டுநரின் முகத்தையே. அம்முகத்தில் வைக்கும் நம்பிக்கை, அவர் உட்புற டயரைப் பார்த்திருப்பார் என்பதும் அடங்கியதாகும். பயணிகள் சுமக்கும் வாணிக வண்டிகளை மலேசியாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு உட்படுத்துகின்றனர். எக்குறையும் இல்லாத டயரும் நாளடைவில் சிறிது காற்றை இழக்கும் இயல்பினது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களில் காவல் இருப்பது ஓட்டுநரின் மனம் ஒன்றே.

கப்பல் உரிமையாளனும் நற்பேறும்

கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட அதே 1877ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வில்லியம் கிளிஃபோர்டு என்னும் கணித அறிஞர், நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் ஒரு கப்பல் உரிமையாளனைக் காட்டுகிறார். பழுதுபட்ட கப்பல், அதில் குடிபெயர்ந்து செல்லும் ஏழை மக்கள். கப்பல் பழையது என்னும் ஐயம் அவன் நெஞ்சில் எழுகிறது. செலவை எண்ணி அவ்வையத்தை அவன் அடக்குகிறான்; இத்தனை பயணங்கள் நலமாக முடிந்தனவே என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான்; இறுதியில் உண்மையாகவே நம்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் உண்மையாக நம்பினான் என்பதால் அவன் குற்றம் நீங்காது. ஏனெனில் அந்நம்பிக்கையை ஆராய்ந்து பெறாமல், ஐயத்தை அழுத்திப் பெற்றான் என்கிறார் கிளிஃபோர்டு. அதனினும் ஆழமான கருத்தொன்றும் அவர் கூறுகிறார்: அக்கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் ஒரு துளியும் குறையாது.

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 1976இல், பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் மெய்யியலாளர் இருவர் இதே இடத்தில் ஒரு சிக்கலை எழுப்பினர். ஒரே வகையில் கவனக்குறைவாக இருந்த இருவருள் ஒருவன் நலமாக வீடு சேர்கிறான். மற்றொருவன் உயிர்ப்பலிக்குக் காரணமாகிறான். உலகம் பின்னவனை மட்டுமே பழிக்கிறது. அப்படியானால் அறத்தின் தீர்ப்பும் நற்பேற்றைச் சார்ந்ததா என்பது அவர்கள் எழுப்பிய வினா.

இவ்வினாவுக்கு டயர் ஓரளவு விடை சொல்கிறது. விளைவைப் பொறுத்துத் தண்டிப்பது சட்டத்தின் வழி. சட்டத்துக்குச் சான்று வேண்டும். மனச்சான்றுக்கோ விளைவு வேண்டுவதில்லை. மேலும், காற்றுக் குறைந்த டயரோடு நலமாகச் சேர்ந்த பயணமும் தீங்கற்ற பயணம் அன்று. அன்றைய வெப்பத்தில் உள்ளிழைகள் சிறிது நலிந்தே இருக்கும். மறுநாள் காற்றை நிரப்பினாலும் அந்நலிவு மீளாது. ஒன்றும் நிகழவில்லை என்று உரிமையாளர் மகிழும் நாளிலேயே நிகழவேண்டியது தொடங்கிவிடுகிறது. பால்மரத்தின் புண்ணைப் போல, பிழைக்கும் விளைவுக்கும் இடையே காலம் மட்டும் நீண்டிருக்கிறது. நற்பேறு என்று பெயரிடப்படுவது பலவேளைகளில் இந்தக் காலநீட்சியே.

ஜெட்டா விமானம்

இவ்வுண்மையை 1991 ஜூலை 11ஆம் நாள் ஜெட்டா விமான நிலையத்தில் நிகழ்ந்த துயரம் காட்டுகிறது. புனித யாத்திரையை முடித்து நைஜீரியாவின் சொக்கோட்டோ நகருக்குத் திரும்பிய பயணிகள் 247 பேரும் விமானப் பணியாளர் 14 பேரும் அவ்விமானத்தில் இருந்தனர். நைஜீரியா ஏர்வேஸ் 2120 என்னும் அப்பயணத்துக்குரிய விமானம் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றினுடையது. அதன் டயர்களில் காற்றழுத்தம் குறைந்திருந்ததைத் தலைமைப் பழுதுபார்ப்பாளர் சில நாள்களுக்கு முன்பே அறிந்திருந்தார். நிரப்புதற்குரிய நைட்ரஜன் வளி உடனே கிட்டவில்லை. காலத்தாழ்வை விரும்பாத மேலாளர், அவர் கருத்தை ஒதுக்கி விமானத்தைப் பயணத்துக்கு விடுத்தார்.

ஓடுபாதையை நோக்கி நகரும்போதே, காற்றுக் குறைந்த டயரின் சுமை அதே அச்சில் இருந்த பக்கத்து டயரின்மேல் விழுந்தது. சுமை மிகுந்த அந்த டயர் வெப்பமேறி முதலில் சிதைந்தது. உடனே மற்றதும் சிதைந்தது. சுழற்சி நின்ற சக்கரம் ஓடுபாதையில் உராய்ந்து தீப்பற்றியது. அறியாத விமானியர் மேலெழும்பிச் சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்டனர். தீயும் உள்ளே சென்றது. திரும்பி இறங்க முயன்ற விமானம் ஓடுபாதையை எட்டாமலே வீழ்ந்தது. 261 பேருள் ஒருவரும் பிழைக்கவில்லை.

குறையுடைய டயரைவிட அதற்குத் துணைநின்ற டயரே முதலில் அழிந்தது என்பது எண்ணத்தக்கது. கடமையில் தவறுவோனின் சுமை காற்றில் கரைவதில்லை. அது அருகிலிருப்பவன் தோள்மேல் ஏறுகிறது. அவன் முறியும்போது இருவரும் வீழ்கின்றனர்.

இன்னொரு வினாவும் இங்கு எழுகிறது. அறிந்திருந்தும் அடக்கப்பட்டவரின் நிலை என்ன? எடுத்துரைத்ததோடு அவர் கடமை முடிந்ததா? முடிவெடுத்தவர் மேலாளரே ஆதலால் பெரும்பழி அவரையே சாரும். எனினும், உயிர்கள் பொருளாகும்போது, கூறினேன் என்பது தொடக்கமேயன்றி முடிவன்று. மறுபுறம், மறுத்து நின்றால் வேலையை இழக்கும் ஏழைத் தொழிலாளியிடம் மட்டும் வீரத்தை எதிர்பார்ப்பது நேர்மையன்று. ஆகவே மறுக்கும் உரிமையை அவனுக்கு அளிப்பது உடையவரின் கடமை. அவ்வுரிமையைப் பயன்படுத்துவது அவன் கடமை. நடைக்கு இத்தனை வெள்ளி என்று கூலி பேசி, டயரைப் பார்க்கும் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காத முதலாளி, ஓட்டுநரின் குற்றத்தில் பாதியைத் தாமே வாங்கிக்கொள்கிறார்.

எச்சரிக்கும் விளக்கு

2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட அந்த டயர்களின் மேற்பட்டை உரிந்து நேர்ந்த விபத்துகளில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வண்டியைச் செய்தவர் 26 பவுண்டு அழுத்தம் போதும் என்று பரிந்துரைத்திருந்தனர். டயரைச் செய்தவர் 30 பவுண்டு வேண்டும் என்றனர். ஒருவர் டயரின் செய்முறையைப் பழித்தார். மற்றவர் வண்டியின் அமைப்பைப் பழித்தார். ஏறத்தாழ நூறாண்டு நட்பு மறு ஆண்டில் முறிந்தது.

அதன் பின்னர் அங்கே, சிறு வண்டிகளில் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. நன்முயற்சிதான். ஆயினும் அவ்விளக்கு, உரிய அழுத்தத்தில் கால்பங்கு குறைந்தபின் எரிந்தால் போதும் என்பதே சட்டத்தின் அளவு. ஏறத்தாழ நான்கரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இரட்டை டயர் வண்டிகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது. யார் மிகுந்த சுமை ஏற்றிச் செல்கின்றனரோ, அவர்களைச் சட்டத்தின் விளக்கு காப்பதில்லை. பெரிய வீட்டு வண்டியை உடையவர் விலைகொடுத்து அத்தகைய கருவியைப் பொருத்திக்கொள்ளலாம், பொருத்துவது நன்று. ஆனால் கருவி அளக்குமேயன்றிக் கவலைப்படாது.

விளக்கு எரியும்வரை எல்லாம் நலமே என்று எண்ணும் மனம், ஆறு மாதப் பரிசோதனையையே அறம் என்று எண்ணும் மனத்தின் உடன்பிறப்பு. வெளியிலிருந்து வரும் எச்சரிக்கை கால்பங்கு இழந்தபின் வருகிறது. உள்ளிருந்து வரும் எச்சரிக்கை ஒரு பவுண்டு குறையும்போதே வரவேண்டும்.

கடமையின் எல்லை

எல்லாவற்றையும் எந்நேரமும் ஆராய்ந்துகொண்டே இருப்பது மனிதனால் இயலுமா என்று கேட்கலாம். இயலாது, அறம் அதைக் கேட்பதும் இல்லை. ஒரு கடமையின் வலிமையை இரண்டு அளவுகள் உறுதிசெய்கின்றன. தவறினால் நேரும் கேடு எவ்வளவு பெரிது என்பது ஒன்று. தவிர்க்கும் வழி எவ்வளவு எளிது என்பது மற்றொன்று. கேடு பெரிதாகவும் வழி எளிதாகவும் இருக்குமிடத்தில் மறந்துவிட்டேன், அறியேன் என்னும் சொற்கள் பொருளிழக்கின்றன. குனிந்து பார்த்தால் தெரியக்கூடிய ஒன்றை அறியாதிருத்தல் அறியாமை ஆகாது. அது அறிய விரும்பாமை. டயரின் பக்கவாட்டில் பொறித்த இறுதி நான்கு எண்கள், அது எந்த வாரத்தில், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைக் கூடச் சொல்லும். 2219 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரம். நெடுநாள் ஓடாமல் நின்ற வீட்டு வண்டியின் டயரில் பூவேலை தேயாமல் இருந்தாலும், வெயிலும் காலமும் ரப்பரை முதுமைப்படுத்தியிருக்கும். பார்க்க விரும்புவோருக்குப் பொருள்கள் எதையும் மறைப்பதில்லை.

ஆசிரியப் பணியும் இவ்வகையிற் சேர்ந்ததே. பாடக்குறிப்பேடும் மதிப்பெண் பட்டியலும் வெளிப்புற டயர். அவற்றை மேற்பார்வையாளர் காண்பார். பின்வரிசையில் ஓசையின்றி அமர்ந்து, எழுத்துக்கூட்டத் தெரியாமலே வகுப்பேறும் பிள்ளை உட்புற டயர். அவன் வண்டியைச் சாய்ப்பதில்லை. ஆதலால் அவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் குறையைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் சுமக்கும்.

கோப்பெங்கில் பொழுது விடியுமுன் பேருந்தின் பின்சக்கரத்தருகே குனிந்து, கைவிளக்கைப் பிடித்து, உட்புற டயரின் வால்வைத் தேடி அளக்கும் ஓட்டுநரை எவரும் பாராட்டப் போவதில்லை. அவர் தடுத்த விபத்து எந்த நாளேட்டிலும் வாராது. அன்று மாலை பிள்ளைகள் வழக்கம்போல் வீட்டு வாசலில் இறங்குவர்; பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் ஓடுவர். அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடுவதே அவருக்குக் கிடைக்கும் சான்று.